முதல் சண்டையிலேயே ஆளைப் பறிகொடுக்காமல் இருக்க: கதையாட்டத்தில் கிரிட் அடியைச் சமாளிக்கும் வழி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டைபோடும் ஆட்டம். அதற்காக என் சித்தி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து தன் மந்திரவாதியை உருவாக்கினாள். பெயர், சொந்த ஊர், தோளில் ஓர் ஆந்தை, சின்ன வயதில் தொலைந்துபோன அண்ணன் என்று தாளின் பின்பக்கம் வரை எழுதிவிட்டாள். அடுத்த வாரம் முதல் சண்டை. முதல் சுற்று முடிவதற்குள் ஓர்க் என்ற அரக்கன் ஒன்று கோடரியை ஓங்கியது. நான் பகடையை உருட்டினேன். 20. சேதம் 19. அவளிடம் இருந்த உயிரோ 8. விதிப்படி மயக்கம்கூட இல்லை, நேராகச் சாவு. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மழை வர்ற மாதிரி இருக்குண்ணே, நான் கிளம்புறேன்" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்று மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆட்டத்தை நடத்தியவன் நான். பகடையைக் குறைசொல்லி என்ன பயன்? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வீட்டு முன் அஞ்சடியில் பாய் விரித்து ஆடுகிற கூட்டம் எங்களுடையது. கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்த ஆட்டக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. யூடியூப் பார்த்துக் கற்றது பாதி, ஆளைச் சாகடித்துக் கற்றது மீதி. நீங்களும் இப்படி ஒரு சின்ன ஊரில் முதல் முறையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தப் போகிறீர்கள் என்றால், சண்டைப் பகுதிக்கு மட்டும் இதைப் படித்துவிட்டு உட்காருங்கள். கதை சொல்வது, குரலை மாற்றிப் பேசுவது எல்லாம் தானாக வந்துவிடும். நம் ஆட்களுக்கு அதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில சொற்கள் தெரிந்தால் போதும். டிஎம் என்றால் ஆட்டத்தை நடத்துகிறவர். எச்பி என்பது உயிர்ப்புள்ளி. ஏசி என்பது உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண். டி20 என்பது இருபது முகப் பகடை, டி6 என்றால் ஆறு முகம், 2டி6 என்றால் ஆறு முகப் பகடையை இரண்டு முறை உருட்டிக் கூட்டுவது. தாக்கும்போது டி20 பகடையிலேயே 20 விழுந்தால் அதுதான் கிரிட்.

1. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

புத்தகம் வாங்க அவசரப்படாதீர்கள். நான் விசாரித்தபோது ஒரு விதிப்புத்தகம் இருநூறு வெள்ளியை (ரிங்கிட்) தொட்டது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எஸ்.ஆர்.டி. 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். இலவசம், பதிவிறக்கி அச்சடிக்கலாம், நண்பருக்கும் அனுப்பலாம். தொடங்குகிறவருக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் முழுவதையும் அச்சடிக்க நினைக்காதீர்கள். நானூறு பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. போட்டோஸ்டேட் கடையில் பக்கத்துக்கு இருபது காசு என்றாலும் எண்பது வெள்ளி ஆகிவிடும். நான் நூறாவது பக்கத்தில் விழித்துக்கொண்டு, "அண்ணே, நிறுத்துங்க" என்றேன். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: சண்டை விதிகள் உள்ள பகுதி, மயக்கம், தரையில் விழுந்த நிலை போன்றவற்றை விளக்கும் பக்கங்கள், நீங்கள் இறக்கப் போகும் அரக்கர்களின் பக்கங்கள். முப்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. 2024இல் விதிகள் திருத்தப்பட்டன. அதற்கேற்ற இலவசப் பதிப்பாக எஸ்.ஆர்.டி. 5.2 என்று ஒன்று 2025இல் வந்தது. அதுவும் நல்லதுதான். ஆனால் இரண்டையும் கலந்தால் தலைவலி. எங்கள் கூட்டத்தில் ஒருவன் கைப்பேசியில் புதியதை வைத்துக்கொண்டு, கையில் பழைய தாளோடு இருந்த என்னிடம் கோப்ளின் என்ற ஒரு குட்டி அரக்கனுக்காக இருபது நிமிடம் வாதாடினான். பழைய பதிப்பில் கோப்ளினுக்கு 7 எச்பி, புதியதில் கோப்ளின் வீரனுக்கு 10. இரண்டு பேர் சொன்னதும் சரி. எது நம் பதிப்பு என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லார் கைப்பேசியிலும் அதே கோப்பைப் போட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் கணக்கெல்லாம் 5.1 படி.

அப்புறம் ஆட்டக்காரர் தாள். அதில் எச்பி, ஏசி எழுத இடம் இருக்கும். நீங்கள் மூலையில் பென்சிலால் இன்னொரு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். முழு எச்பியின் இரண்டு மடங்கு. நாங்கள் இதைச் சாவு எண் என்கிறோம். ஏன் என்று நான்காவது படியில் தெரியும்.

2. பகடை வாங்குங்கள், சீக்கிரமே வாங்குங்கள்

ஏழு பகடை கொண்ட ஒரு செட் இணையக் கடையில் எனக்கு 9 வெள்ளிக்குக் கிடைத்தது. நான்கைந்து பேருக்கு இரண்டு செட்டும், தனியாக நான்கு டி20யும் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு செட் என்பது ஆடம்பரம், பின்னால் அவர்களாகவே வாங்குவார்கள்.

விலையைவிட நாளைத்தான் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், உள்நாட்டுக் கடை என்றால் ஒரு வாரத்துக்குள் வரும். லயத்து முகவரிக்குப் பொட்டலம் வருவதில் உள்ள கஷ்டம் உங்களுக்கே தெரியும். என்னுடையது ஐந்து நாள் தோட்டத்து ஆபீசில் கிடந்தது, யாரும் சொல்லவில்லை. டவுனில் உள்ள சொந்தக்காரர் கடை முகவரியைக் கொடுப்பது உத்தமம்.

மலிவு டி20 வாங்கும்போது படத்தை உற்றுப் பாருங்கள். 20க்குப் பக்கத்தில் 19, அதன் பக்கத்தில் 18 என்று வரிசையாக எண்கள் இறங்கினால் அது சீட்டு விளையாட்டில் உயிரைக் குறைத்துக்கொண்டே வர வைத்திருக்கும் எண்ணுப் பகடை. பெரிய எண்கள் ஒரே பக்கம் கூடியிருப்பதால் கை பழகியவன் 20ஐ வரவழைத்துவிடலாம். உருட்டுவதற்கு அது வேண்டாம். பத்து முகப் பகடையில் 0 என்றால் 10 என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாயம் ஆடிப் பழகியவர்கள் கூட்டத்தில் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். எங்கள் அத்தை ஒரு நாள் ஆட்டத்தில் சேர்ந்தார். டி20இல் 1 விழுந்ததும் "தாயம்!" என்று கையைத் தட்டினார். அவர் ஆடிய ஆட்டத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். இங்கே ஒன்று விழுந்தால் வீசிய கத்தி கண்டிப்பாகத் தவறும். சொன்னபோது, "இது என்னடா தலைகீழ் ஆட்டம்" என்றார்.

3. கிரிட்டைச் சரியாகக் கணக்கிடப் பழகுங்கள்

விதி சின்னது. தாக்குதல் பகடையில் 20 விழுந்தால், எதிரியின் ஏசி எவ்வளவாக இருந்தாலும் அடி பட்டுவிடும். சேதத்துக்கான பகடைகளை இரண்டு மடங்காக உருட்ட வேண்டும். மேலே சேர்க்கும் எண்ணை ஒரு முறைதான் சேர்க்க வேண்டும். வாள் 1டி8+3 என்றால் கிரிட்டில் 2டி8+3. மொத்தத்தை இரட்டிப்பாக்கக் கூடாது.

இதில் புதியவர்கள் விழும் குழிகள் பல. நான் ஒவ்வொன்றிலும் விழுந்து எழுந்தவன். பகடையில் 15 விழுந்து அதோடு 5 கூட்டி 20 வந்தால் அது கிரிட் இல்லை, பகடையிலேயே 20 தெரிய வேண்டும். பூட்டைத் திறப்பது, சுவர் ஏறுவது, காவலாளியைப் பேசி மயக்குவது ஆகியவற்றில் 20 விழுந்தால் அது நல்ல எண், அவ்வளவுதான். அதற்குக் கிரிட் கிடையாது. நெருப்புக் கோளம் போல எதிரியே பகடை உருட்டித் தப்பிக்கும் மந்திரங்களுக்கும் கிடையாது. ஆனால் மந்திரவாதி குறிபார்த்து எறியும் நெருப்பு அம்பு தாக்குதல் பகடையோடு வருவதால் அதற்கு உண்டு.

திருடன் வேடக்காரர் ஒளிந்திருந்து குத்தும்போது கிடைக்கும் கூடுதல் பகடைகளும் கிரிட்டில் இரட்டிக்கும். பாலடின் என்ற புனிதப் போர்வீரன் வேடக்காரர், ஒளி அடி என்ற கூடுதல் சேதத்தை, அடி பட்டது தெரிந்த பிறகுதான் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். ஆகவே அவரிடம் காதோடு சொல்லிவையுங்கள்: அவசரப்படாதே, கிரிட் விழட்டும், அப்போது சேர்.

கவசம் போட்டவருக்குக் கிரிட் பயமில்லை என்று நினைப்பதும் தப்பு. தாக்குதலுக்கு 4 கூட்டும் கோப்ளின், ஏசி 18 உள்ள வீரனை அடிக்க 14 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், அதாவது 14 முதல் 20 வரை ஏழு எண்கள். ஏசி 12 உள்ள மந்திரவாதியை அடிக்க 8 முதல் 20 வரை பதின்மூன்று எண்கள். வீரன் மீது அடி குறைவாகத்தான் விழும். ஆனால் விழும் ஏழு அடியில் ஒன்று கிரிட். கவசம் சாதாரண அடியைத்தான் தடுக்கிறது.

4. அரக்கனை இறக்கும் முன் எடைபோடுங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். ஆறவமர உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு தாக்குதல் கிரிட் ஆவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு, அதாவது 5 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சண்டையில் ஒரு தாக்குதலா நடக்கிறது? நான்கு கோப்ளின்கள் மூன்று சுற்று அடித்தால் 12 தாக்குதல். அதில் ஒரு கிரிட்டாவது விழும் வாய்ப்பு 46 சதவீதம். ஆறு கோப்ளின், நான்கு சுற்று என்றால் 24 தாக்குதல், வாய்ப்பு 71 சதவீதம். ஓநாய், கோபால்டு மாதிரி கூட்டமாக வந்து அனுகூலம் பெறும் எதிரிகள் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஒவ்வொரு தாக்குதலுக்கும் 9.75 சதவீதம். ஆகவே "அப்படியெல்லாம் விழாது" என்று நினைத்துச் சண்டையை அமைக்காதீர்கள். விழும்.

விழுந்தால் யாருக்கு நஷ்டம்? ஓர்க் கிரிட் வாங்கினால் ஓர் ஓர்க் போகும். அதற்குப் பெயர்கூட நாம் வைத்திருக்க மாட்டோம். எப்படியும் அந்த மதியம் அது சாகத்தான் வந்தது. ஆட்டக்காரரின் ஆளோ வாரா வாரம் வந்து நிற்க வேண்டியவர், ஒவ்வொரு வாரமும் பத்து இருபது தாக்குதலைத் தாங்க வேண்டியவர். கிரிட் ஆட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று வீடியோவில் காட்டுவார்கள். நீண்ட கணக்கில் அது அரக்கர் பக்கம்தான் சாய்கிறது.

இப்போது சாவு எண்ணுக்கு வருவோம். விதி இது: ஓர் அடியில் உங்கள் எச்பி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும் மிச்சமிருக்கும் சேதம் உங்கள் முழு எச்பிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், மயக்கம் கிடையாது, அந்த இடத்திலேயே சாவு. முழு உயிரோடு நிற்பவருக்கு அது முழு எச்பியின் இரண்டு மடங்கு. 8 எச்பி மந்திரவாதிக்கு 16. ஏற்கெனவே அடிவாங்கி 3 எச்பியில் நிற்கிறார் என்றால் 3+8, வெறும் 11.

முதல் நிலையில் (புது ஆள் தொடங்கும் நிலை, ஆட ஆட உயரும்) டிஎம்கள் வழக்கமாக இறக்கும் எதிரிகளை இந்த எண்ணோடு ஒப்பிடுவோம்.

கோப்ளின் கத்தி 1டி6+2. கிரிட்டில் 2டி6+2, சராசரி 9, உச்சம் 14. 8 எச்பி மந்திரவாதியை மயக்கிப் போடும், முழு உயிரில் இருப்பவரை அடியோடு கொல்லாது. ஆனால் மந்திரவாதி உடல்வலுவில் கஞ்சத்தனம் பண்ணி 6 எச்பியோடு வந்திருந்தால் சாவு எண் 12. கிரிட் விழுந்தால் ஆறில் ஒரு வாய்ப்பு அவர் கதை முடியும்.

கோபால்டு 1டி4+2. கிரிட்டில் உச்சம் 10. முதல் நாளுக்கு இதைவிட நல்ல எதிரி கிடையாது.

ஓநாய் 2டி4+2. கிரிட்டில் சராசரி 12, உச்சம் 18. கூட்டமாக வந்தால் அனுகூலத்தோடு அடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

காட்டுப்பன்றி. இதைச் சொல்லியே ஆக வேண்டும். செம்பனைக்குள் பன்றி பார்த்து வளர்ந்த நமக்கு அது சாதாரண மிருகம், கதைக்கும் பொருத்தமாக இருக்கிறதே என்று இறக்கத் தோன்றும். கொம்பு 1டி6+1தான். ஆனால் இருபதடி ஓடிவந்து முட்டினால் இன்னொரு டி6 சேரும். கிரிட்டில் அதுவும் இரட்டித்து 4டி6+1 ஆகும். சராசரி 15, உச்சம் 25. 8 எச்பி மந்திரவாதி மீது அப்படி ஒரு முட்டு விழுந்தால் நூற்றுக்கு 44 தடவை சாவு. பன்றியை இறக்குங்கள், ஆனால் ஓடிவர இடமில்லாமல் மரங்களை நெருக்கி வரையுங்கள்.

ஓர்க். கோடரி 1டி12+3. கிரிட்டில் 2டி12+3, சராசரியே 16, உச்சம் 27. அந்த மந்திரவாதி மீது விழுந்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை, சரியாகச் சொன்னால் 54 சதவீதம், அங்கேயே முடிந்தது. முதல் நிலையில் நான்கு பேருக்கு எதிராக ஒரே ஓர்க் என்பது டிஎம் புத்தகத்தின் கணக்குப்படி "சுலபம்" என்ற வகையில் வரும். நானும் அதை நம்பித்தான் ஒன்றே ஒன்றை இறக்கினேன். சித்தி மகள் போனாள்.

பக்பியர் பக்கம் முதல் நிலையில் போகவே வேண்டாம். கிரிட்டில் 4டி8+2. எதிர்பாராமல் பாய்ந்து அடித்தால் அதற்கு மேல் இன்னும் 4டி6.

ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். அரக்கனின் பக்கத்தை எடுப்பேன். சேதப் பகடையை இரட்டித்து, எல்லாவற்றிலும் பெரிய எண் விழுந்ததாக வைத்துக் கூட்டுவேன். கூட்டத்திலேயே எச்பி குறைந்த ஆளின் சாவு எண்ணோடு ஒப்பிடுவேன். உச்சம் அதை எட்டவில்லை என்றால் கவலையில்லாமல் இறக்குவேன். எட்டினால் ஆயுதத்தை மாற்றுவேன். ஓர்க்கின் கோடரியைப் பிடுங்கிக் கையில் ஒரு தடியைக் கொடுத்தால் 1டி4+3, கிரிட்டில் உச்சம் 11. ஓர்க் ஓர்க்காகவே இருக்கும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஒரு நல்ல செய்தி. இந்த அபாயம் முதல் நிலையோடு பெரும்பாலும் போய்விடுகிறது. அதே மந்திரவாதி இரண்டாம் நிலையில் 14 எச்பி, சாவு எண் 28. ஓர்க்கின் உச்சம் 27. ஒரே ஒரு புள்ளியில் பிழைத்துக்கொள்கிறார். புதியவர்கள் என்பதற்காக முதல் நிலையில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாம் நிலையில் தொடங்கினால் கற்க வேண்டியது கொஞ்சம் கூடும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

5. பூஜ்யத்தில் விழுந்தவரை என்ன செய்வது

அடியோடு சாகாமல் எச்பி பூஜ்யமானால் ஆள் மயங்கி விழுவார். அவர் முறை வரும்போதெல்லாம் ஒரு டி20. 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வெற்றி, கீழே என்றால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி வந்தால் நிலைபெறுவார், மூன்று தோல்வி வந்தால் சாவு. 20 விழுந்தால் 1 எச்பியோடு கண்விழிப்பார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி.

யாரும் கைகொடுக்காமல் விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். அதனால் கூட்டாளிகள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சண்டையைத் தொடர்வார்கள். ஆபத்து அங்கேதான். மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நின்று அடித்து, அந்த அடி பட்டால், பகடையில் என்ன விழுந்திருந்தாலும் அது கிரிட். தரையில் கிடப்பவருக்குக் கிரிட் என்றால் இரண்டு தோல்வி. அறுபது சதவீதம் அந்த ஓர் அடியில் இருபத்தொன்றாகிவிடும். இன்னோர் அடி பட்டால் முடிந்தது.

ஆகவே அரக்கன் விழுந்தவரை அடிப்பானா மாட்டானா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் வைத்திருக்கும் வழக்கம்: கொள்ளைக்காரன் நிற்கிறவனோடுதான் மோதுவான், பசித்த மிருகம் விழுந்தவரைக் கவ்வி இழுக்கும், வன்மம் உள்ளவன் குத்துவான். இதை ஆட்டக்காரர்களிடமும் சொல்லிவிடுவேன். "ஓநாய் அவன் பக்கம் மோந்து பார்க்குது" என்று ஒரு சுற்று முன்பே எச்சரித்தால் யாராவது ஓடிவருவார்கள்.

கூட்டத்தில் கையிருப்பு என்ன வேண்டும் என்றால்: குணமாக்கும் சொல் என்ற மந்திரம் தெரிந்தவர் ஒருவர், அறுபது அடி தூரத்திலிருந்தே எழுப்பிவிடலாம். 5 பொற்காசு விலையுள்ள மருத்துவப் பை ஒன்று, பத்து முறை வரும், பகடை உருட்டாமலே ஆளை நிலைப்படுத்தும். 50 பொற்காசு மருந்துக் குப்பியை முதல் நிலையில் பெரும்பாலும் வாங்க முடியாது. ஆகவே டிஎம் தயவு பண்ணி முதல் குகையிலேயே ஒன்றைக் கிடக்கவிடுங்கள்.

6. வீட்டு விதி வேண்டுமா, எழுதிவையுங்கள்

வீடியோ பார்த்துவிட்டு எல்லாரும் ஆசைப்படும் ஒரு வீட்டு விதி இருக்கிறது. கிரிட்டில் பகடையை இரண்டு முறை உருட்டி இரண்டிலும் ஒன்று விழுந்தால் சப்பென்று போய்விடுகிறதே, அதனால் ஒரு பங்கைப் பெரிய எண்ணாகவே வைத்துக்கொண்டு இன்னொரு பங்கை உருட்டலாம் என்பார்கள். ஆட்டக்காரர் கையில் அது இனிப்பு. அதே விதியை ஓர்க்கிடம் கொடுங்கள்: 12+3+1டி12. குறைந்தபட்சமே 16. எட்டு எச்பி மந்திரவாதி மீது விழும் ஒவ்வொரு கிரிட்டும் சாவு. 54 சதவீதம் நூறாகிவிட்டது. ஆசைப்பட்டால் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1 விழுந்தால் ஆயுதம் கைதவறும், நண்பனை வெட்டிவிடும் என்று பட்டியல் போடுவது இன்னொரு வழக்கம். எனக்குப் பிடிக்காது. நிலை உயர உயரப் போர்வீரன் ஒரு முறையில் இரண்டு, மூன்று தடவை வீசுவான். அதிகம் வீசுகிறவனுக்குத்தான் 1 அதிகம் விழும். அப்படியானால் கைதேர்ந்தவன்தான் அதிகமாகக் கத்தியைக் கீழே போடுவான். இது என்ன நியாயம்?

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு வீட்டு விதிதான். முதல் நிலையில் அரக்கர் கிரிட் அடித்தால் அடி கண்டிப்பாகப் படும், சேதம் சாதாரணம். இரண்டாம் நிலையிலிருந்து முழு விதி. இதையும், பகடையை டிஎம் மறைவாக உருட்டுவாரா எல்லார் முன்னும் உருட்டுவாரா என்பதையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பகடை விழுந்த பிறகு விதி பேசினால் அது சண்டையில்தான் முடியும், ஆட்டத்துக்கு வெளியே.

7. நேரமும் செலவும்

என் கணக்கு: இரண்டு செட் பகடை 18 வெள்ளி, தனி டி20 நான்கு 6 வெள்ளி, அச்சு முப்பது பக்கம் 6 வெள்ளி, கோப்பு உறை 2 வெள்ளி. மொத்தம் 32. ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஆறு வெள்ளி நாற்பது காசு. குடிக்கக் கொறிக்க வாங்கும் தே தாரிக்கும் பிசாங் கோரேங்கும் தனிக்கணக்கு, அது பகடையைவிட அதிகம் ஆகும்.

புதியவர்கள் நான்கு பேர் ஆடும் முதல் சண்டை ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசி அரை மணியில் சண்டையைத் தொடங்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் இருவர் ஆலையில் ஷிப்டு வேலை. ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே எழுந்து போய்விடுவார்கள். ஒரு தடவை குணமாக்குகிறவன் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் வீரன் விழுந்தான். மூன்று மணிக்குத் தொடங்குங்கள், நான்கு மணி சுமாருக்குச் சண்டையை வையுங்கள், பிறகு கதைக்கு நேரம் இருக்கும். மாலையில் மழை அடித்துப் பெய்தால் தகரக் கூரையில் யார் சொல்வதும் கேட்காது, எண்ணை விரலால் காட்ட வேண்டியதுதான்.

8. ஆள் செத்தே போனால்

கூடுதலாக ஒரு தயார்த் தாள் எப்போதும் கோப்பில் இருக்கட்டும். எளிய வீரன், எண்கள் எல்லாம் நிரப்பியது, பெயர் மட்டும் வெற்று. ஆளை இழந்தவர் அடுத்த பத்து நிமிடத்துக்குள் மறுபடி ஆட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். சிறைப்பட்டுக் கிடந்த வழிப்போக்கர், பின்னால் வந்து சேர்ந்த பங்காளி, ஏதோ ஒரு காரணம். என்னிடம் அந்தத் தாள் அன்று இருந்திருந்தால் சித்தி மகளுக்கு மழை வந்திருக்காது.

செத்தவரை எழுப்பும் மந்திரங்கள் உண்டு. செத்து ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் மந்திரத்துக்கு 300 பொற்காசு வைரம் வேண்டும், ஐந்தாம் நிலைப் பூசாரி வேண்டும். முதல் நிலையில் இரண்டும் இருக்காது. டிஎம் விரும்பினால் கோயில், சாமியார் என்று கதையில் வழி வைக்கலாம். ஆனால் சேதம் அறிவிப்பதற்கு முன்னால் மனம் மாறுங்கள், அறிவித்த பிறகு இல்லை.

வேறு ஆட்டம் ஆடுகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் எதிரியின் ஏசியை 10 தாண்டினாலே கிரிட், மொத்த சேதமும் இரட்டிக்கும். பலமான ஒற்றை அரக்கன் அங்கே மிக ஆபத்து. கால் ஆஃப் கத்துலுவில் நூறு முகக் கணக்கு, 01தான் உச்ச வெற்றி, ஒரு துப்பாக்கிக் குண்டே போதும். அங்கே சண்டையே போடாமல் ஓடுவதுதான் முறை.

மூன்று மாதம் கழித்துச் சித்தி மகள் வந்தாள். இந்த முறை பூசாரி. சங்கிலிக் கவசம், கேடயம், ஏசி 18, எச்பி 10, மூலையில் பென்சிலால் 20 என்று எழுதியிருந்தாள். ஆந்தையும் இல்லை, தொலைந்த அண்ணனும் இல்லை, பின்பக்கம் வெற்றாக இருந்தது. பாயில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஓர்க் இன்னும் உயிரோட இருக்குதாண்ணே?"